சினிமாவில் பார்க்கும் சிகாகோ: எது ஊர், எது செட்?

அமெரிக்காவின் நடு மேற்கில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் சிகாகோவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திரையிலும் புத்தகத்திலும் பார்த்த சிகாகோவைப் பற்றியே கேட்டன. ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதும் அந்த ஊருக்கே.

தொப்பி, நீளக் கோட்டு, கையில் மெஷின் கன். சிகாகோ என்றாலே இதுதான் நினைவுக்கு வருகிறது. ‘தி அன்டச்சபிள்ஸ்’ படத்தில் காட்டியதெல்லாம் நடந்ததா?
– சேலம் வாசகர்

ஆட்கள் உண்மை, வழக்கு உண்மை. வழக்கை ஜெயித்த விதம்தான் கற்பனை. 1987-இல் வந்த அந்தப் படத்தில் மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ், கள்ள மதுக் கும்பலின் தலைவர் அல் கேபோனைத் துரத்தித் துரத்தி மாட்டவைக்கிறார். நிஜத்தில் நெஸ்ஸும் அவருடைய ஆட்களும் கள்ள மது ஆலைகளை உடைத்து வருமானத்தில் கை வைத்தார்கள். ஆனால் மதுவிலக்குக் குற்றச்சாட்டுகள் விசாரணைக்கே வரவில்லை. கேபோனை உள்ளே தள்ளியது வருமான வரித்துறை. 1926-இல் சிசரோ என்ற புறநகரில் ஒரு சூதாட்டக் கடையைச் சோதனை போட்டபோது சில கணக்குப் பேரேடுகள் சிக்கின. அவை பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தன. ஃபிராங்க் வில்சன் என்ற வரித்துறை அதிகாரி அவற்றைத் தோண்டியெடுத்து, கையெழுத்தை வைத்துக் கணக்கெழுதியவரைக் கண்டுபிடித்துச் சாட்சி சொல்ல வைத்தார். 1931 அக்டோபரில் தீர்ப்பு: 11 ஆண்டு சிறை, 50,000 டாலர் அபராதம்.

யூனியன் ஸ்டேஷன் படிக்கட்டில் குழந்தை வண்டி உருண்டு வர, இருபுறமும் சுடுகிறார்களே, அது முழுக்கக் கற்பனை. 1925-இல் வந்த ‘பேட்டில்ஷிப் பொடெம்கின்’ என்ற சோவியத் படத்தின் ஒடெஸா படிக்கட்டுக் காட்சிக்கு இயக்குநர் பிரையன் டி பால்மா செய்த மரியாதை. கேபோனின் ஆள் ஃபிராங்க் நிட்டியை மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிடுவதும் நடக்கவில்லை. நிட்டி 1943 வரை உயிரோடு இருந்தார். நம்ப முடியாததாகத் தோன்றும் ஒன்றுதான் உண்மை: நீதிபதி ஜூரிகளை மாற்றியது. ஆனால் படத்தில் காட்டுவதுபோல் நடு விசாரணையில் இல்லை, தொடக்கத்திலேயே பக்கத்து நீதிமன்றத்து ஜூரிப் பட்டியலோடு மாற்றிக்கொண்டார்.

கேபோன் உச்சத்தில் இருந்தது ஏறக்குறைய 6 ஆண்டுகள்தான். 1837-இல் நகரமான ஊருக்கு அந்த 6 ஆண்டுகள் ஏன் முகமாகிப்போயின? கதை எழுதியவர்கள் அதே ஊர்த் தெருவில் நின்றிருந்தார்கள் என்பது பெரிய காரணம். 1932-இல் வந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தின் கதாசிரியர் பென் ஹெக்ட் சிகாகோ செய்தித்தாளில் நிருபராக இருந்தவர். கேபோன் தண்டனையை அனுபவிக்கத் தொடங்கிய அதே ஆண்டில் திரையில் அவரைப் போன்ற ஒருவன் வந்துவிட்டான். நெஸ்ஸின் ‘தி அன்டச்சபிள்ஸ்’ நூல் 1957-இல், அவர் இறந்த சில மாதங்களில் வெளியானது. 1959-இல் தொலைக்காட்சித் தொடர் ஆயிற்று. பிறகு அந்தப் பிம்பம் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டது.

1929 பிப்ரவரி 14 அன்று கும்பல் மோதலில் 7 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட கராஜைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அதை 1967-இல் இடித்துவிட்டார்கள். வடக்கு கிளார்க் தெருவில் அந்த இடத்தில் இன்று புல்தரைதான் இருக்கிறது. சுவரின் செங்கற்களைப் பார்க்க வேண்டுமென்றால் லாஸ் வேகஸ் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

1980-க்கு முன்னால் சிகாகோவிலேயே எடுத்த ஹாலிவுட் படங்கள் ஏன் அவ்வளவு குறைவு?
– காரைக்குடி வாசகர்

ஒரு ஊரைப் படமெடுக்கக் கேமரா மட்டும் போதாது. தெருவை அடைக்க வேண்டும், போலீஸ் நிற்க வேண்டும், சிகாகோ என்றால் ஆற்றுப் பாலத்தைத் தூக்கியும் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் மேயர் கையில். 1955 முதல் 1976-இல் இறக்கும்வரை மேயராக இருந்த ரிச்சர்ட் ஜே. டேலிக்குத் தன் ஊர் போலீஸைத் திரையில் கேவலமாகக் காட்டுவது பிடிக்காது. லஞ்சம் வாங்கும் போலீஸ்காரரைக் காட்டிய ஒரு தொலைக்காட்சித் தொடரால் வந்த கோபம் அது என்று பரவலாகச் சொல்வார்கள். நகரம் ஒத்துழைக்காவிட்டால் தயாரிப்பாளர் கலிஃபோர்னியாவிலேயே செட் போட்டுவிடுவார்.

அதையும் மீறி வந்தவற்றில் ‘மீடியம் கூல்’ (1969) தனி ரகம். 1968 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது போராட்டக்காரர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கிய தெருக்களில், இயக்குநர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் தன் நடிகையை மஞ்சள் உடையில் நடக்கவிட்டுப் படமெடுத்தார். சுற்றிலும் இருக்கும் ராணுவ வண்டிகளும் கூட்டமும் நிஜம்.

கதவு திறந்தது 1979-இல், ஜேன் பைர்ன் மேயரான பிறகு. அவர் அனுமதித்த ‘தி ப்ளூஸ் பிரதர்ஸ்’ (1980) நூற்றுக்கும் மேற்பட்ட கார்களை நொறுக்கியது. டேலியின் பெயரைத் தாங்கிய டேலி சென்டர் கட்டிடத்தின் கண்ணாடி முகப்பை உடைத்துக்கொண்டே ஒரு கார் உள்ளே பாய்கிறது! கடைகள் நிறைந்த மாலுக்குள் கார்கள் துரத்திக்கொள்ளும் காட்சிக்கு, ஹார்வி என்ற புறநகரில் 1978-இல் மூடிக் கிடந்த டிக்ஸி ஸ்குவேர் மாலில் சரக்கை நிரப்பிக் கடைகளாக்கினார்கள். படம் முடிந்ததும் அந்த மால் மறுபடி திறக்கவே இல்லை. பாழடைந்து கிடந்து 2012-இல் இடிபட்டது. அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்கும்போது ஹார்வி மக்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் வாசலில் அந்த இடிபாடு நின்றது.

பேட்மேனின் காதம் நகரம் சிகாகோதான் என்கிறார்கள். அந்தப் பெரிய லாரி நடுத்தெருவில் குட்டிக்கரணம் அடிப்பது கிராபிக்ஸா? மருத்துவமனை வெடிப்பது?
– திருநெல்வேலி வாசகர்

‘தி டார்க் நைட்’ (2008) படத்தில் பெரும்பகுதி சிகாகோ. அதற்கு முந்தைய ‘பேட்மேன் பிகின்ஸ்’ (2005) சிகாகோவையும் இங்கிலாந்தில் ஒரு பழைய வான்கப்பல் கொட்டகைக்குள் போட்ட செட்டையும் கலந்து எடுத்தது. மூன்றாம் படம் பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் என்று போய்விட்டது. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஊர் மூன்று ஊராகத் தெரிவதன் காரணம் இதுதான்.

லாரி நிஜமாகவே புரண்டது. இரவில், நிதி நிறுவனங்கள் நிறைந்த லசால் தெருவில். டிரெய்லரின் அடியில் பெரிய பிஸ்டன் ஒன்றைப் பொருத்தினார்கள். ஓடும் வேகத்தில் அது தரையை ஓங்கிக் குத்த, பின்பாகம் மேலெழும்பி, முன்பாகத்தை ஊன்றுகோலாகக் கொண்டு வண்டி தலைகுப்புறச் சுழன்று விழுந்தது. உள்ளே ஸ்டண்ட் ஓட்டுநர் இருந்தார். அவருக்காக முன்கூண்டை இரும்புச் சட்டங்களால் பலப்படுத்தியிருந்தார்கள். முதலில் ஆளரவமற்ற வெளியில் ஒத்திகை. தெருவில் செய்யும்போது சிக்கல் வேறு: குத்து சற்றுப் பக்கவாட்டில் விழுந்தால் லாரி கோணி இருபுறக் கட்டிடங்களில் மோதும்; பிஸ்டன் இறங்கும் இடத்துக்குக் கீழே வங்கி நிலவறைகளோ குழாய்களோ இருந்தால் தெருவே உள்வாங்கும். அதனால் குத்தும் புள்ளியை அளந்து குறித்துக்கொண்டார்கள்.

மருத்துவமனையும் நிஜ வெடிப்புதான். மேற்குப் பகுதியில் மூடிக் கிடந்த பிராக்ஸ் மிட்டாய்த் தொழிற்சாலையின் கட்டிடம் அது. எப்படியும் இடிக்கப்போவதை 2007-இல் படத்துக்காக வெடி வைத்து இடித்தார்கள். வெடி பாதியில் நின்றுவிட, ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் சமயோசிதமாக ரிமோட்டைத் தட்டி நடித்துச் சமாளித்தார் என்ற கதை இணையத்தில் சுற்றுகிறது. தவறு. அந்த இடைவெளி திட்டமிட்டது. நடிகர் நடந்து பாதுகாப்பான தூரத்துக்குப் போக நேரம் வேண்டும், அதைக் கதைக்குள்ளேயே வைத்தார்கள். அத்தனை வெடிமருந்துக்கு நடுவே யாரும் நடிகரின் சமயோசிதத்தை நம்பி நிற்க மாட்டார்கள்.

துரத்தல் நடக்கும் சுரங்கம்போன்ற சாலை லோயர் வாக்கர் டிரைவ். 1926-இல் திறந்த இரட்டை அடுக்குச் சாலை. மேலே ஊர்வலம்போல் மக்கள். கீழே சரக்கு வண்டிகள், தூண்கள், மங்கிய விளக்குகள். மழை, வெயில், பகல், இரவு எதுவும் கீழே தெரியாது. அதனாலேயே படமெடுப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

‘காற்று நகரம்’ என்ற பெயர் அவ்வளவு காற்றடிப்பதால் வந்ததா?
– தஞ்சாவூர் வாசகி

காற்று உண்டு, ஆனால் சராசரி வேகத்தில் பாஸ்டன் இதை மிஞ்சும். 1893 உலகக் கண்காட்சியை எந்த ஊரில் நடத்துவது என்ற போட்டியில், சிகாகோக்காரர்களின் வாய்ச்சவடாலைக் கேலி செய்து ஒரு நியூயார்க் ஆசிரியர் வைத்த பெயர் என்று பல நூல்களில் இருக்கும். அதுவும் சரியல்ல. 1870-களிலேயே சின்சினாட்டி செய்தித்தாள்களில் அந்தப் பெயர் வந்துவிட்டது.

‘சிகாகோ’ என்றே பெயர் வைத்த ஆஸ்கர் படத்தில் ஊரே கண்ணில் படவில்லையே? ஒரு படம் உண்மையில் சிகாகோவில் எடுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– சென்னை, மயிலாப்பூர் வாசகர்

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். 2002-இல் வந்த அந்தப் படம் கனடாவின் டொரொண்டோவில் எடுத்தது. செலவு அங்கே குறைவு. கதையும் சிறை, நீதிமன்றம், நாடக மேடை என்று சுவர்களுக்குள்ளேயே நடக்கிறது. அடிப்படை மட்டும் அசல் சிகாகோ: 1924-இல் அங்கே நடந்த இரண்டு கொலை வழக்குகளைச் செய்தியாக எழுதிய நிருபர் மோரீன் டல்லஸ் வாட்கின்ஸ், 1926-இல் அதையே நாடகமாக்கினார். கொலை செய்த பெண்ணைப் பத்திரிகைகள் எப்படி நட்சத்திரமாக்குகின்றன என்பதை எழுதியவரே பத்திரிகைக்காரர் என்பதால்தான் அந்த நாடகம் இன்னும் குத்துகிறது. இல்லினாய் மாநிலம் படச் செலவில் 30 விழுக்காடு வரிச் சலுகை தரத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. 2012-இல் தொடங்கிய ‘சிகாகோ ஃபயர்’ போன்ற தொடர்கள் அங்கேயே, பழைய எஃகு ஆலையில் அமைந்த ஸ்டூடியோவில், எடுக்கப்பட்டவை.

கண்டுபிடிக்கும் வழிகள். முதலில் தலைக்கு மேலே பாருங்கள். தெருவின் நடுவில் இரும்புத் தூண்கள்மேல் ‘எல்’ ரயில் ஓடுகிறதா? லூப் எனப்படும் மைய வட்டத்தின் அந்தப் பாதை 1897-இல் முழுமையானது. தெருவில் டிராம் தண்டவாளமும் மேலே கம்பிகளும் தெரிந்தால் அது டொரொண்டோ. அடுத்து போலீஸ் தொப்பி: சிகாகோ போலீஸ் தொப்பியில் நீலமும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டப் பட்டை இருக்கும், அமெரிக்காவில் இது அபூர்வம். பிறகு கொடி. வெள்ளைத் துணியில் இரண்டு வெளிர்நீலப் பட்டைகள், நடுவில் ஆறு முனை கொண்ட நான்கு சிவப்பு நட்சத்திரங்கள். ஊர்க்காரர்கள் சட்டையிலும் பச்சைகுத்தலிலும்கூட அதை வைத்துக்கொள்வார்கள். ஆற்றுப் பாலம் நடுவில் பிளந்து இரு பக்கமும் எழும்பினால் ஏறக்குறைய உறுதி.

எங்களுக்குப் பிடித்த சோதனை வேறு: முகவரி. 1909-க்குப் பிறகு சிகாகோவில் வீட்டு எண்ணே ஒரு வரைபடம். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டுமிடம் பூஜ்யம். அங்கிருந்து ஒவ்வொரு மைலுக்கும் எண் 800 கூடும் (தெற்கே முதல் 3 மைல் மட்டும் விதிவிலக்கு). ‘தி ப்ளூஸ் பிரதர்ஸ்’ படத்தில் ஒருவன் தன் ஓட்டுநர் உரிமத்தில் கொடுத்திருக்கும் முகவரி 1060 மேற்கு அடிசன். 1060-ஐ 800-ஆல் வகுத்தால் ஸ்டேட் தெருவிலிருந்து மேற்கே சுமார் 1.3 மைல். அடிசன் தெருவின் எண் வடக்கு 3600, அதாவது மேடிசனிலிருந்து 4.5 மைல். அந்தப் புள்ளியில் இருப்பது ரிக்லி ஃபீல்டு பேஸ்பால் மைதானம்! உள்ளூர்க்காரர்கள் முகவரியைக் கேட்டதுமே சிரித்திருப்பார்கள். எண்ணுக்கும் கதை நடக்கும் பேட்டைக்கும் சம்பந்தமே இல்லாவிட்டால், எழுதியவர் அந்த ஊரில் நடந்து பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மே தினம் பிறந்த ஊர் என்றுதான் சிகாகோவை எங்களுக்குத் தெரியும். அமெரிக்கப் படங்களில் அது ஏன் இல்லை?
– தூத்துக்குடி, துறைமுகத் தொழிலாளர்

உங்கள் கேள்வி நியாயமானது. கேபோனுக்குக் கிடைத்த திரைவெளியில் ஒரு துளிகூட அந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கவில்லை. 1886 மே 1 அன்று 8 மணி நேர வேலை கேட்டு அமெரிக்கா முழுவதும் வேலைநிறுத்தம். சிகாகோ அதன் மையம். மே 3 அன்று மெக்கார்மிக் அறுவடை இயந்திர ஆலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். மறுநாள் மாலை ஹேமார்க்கெட்டில் கண்டனக் கூட்டம். மழை வரும்போலிருந்தது, கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. போலீஸ் அணிவகுத்து வந்தபோது யாரோ குண்டு வீசினார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. போலீஸ்காரர்கள் 7 பேர் இறந்தார்கள், தொழிலாளர்களும் பலியானார்கள். குண்டு வீசியதாக நிரூபிக்கப்படாத 8 பேருக்குத் தண்டனை. 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒருவர் அதற்கு முந்தின நாள் சிறையிலேயே இறந்தார். மிஞ்சிய மூவரை 1893-இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணையே நேர்மையற்றது என்று எழுதி விடுவித்தார். 1896 தேர்தலில் அவர் தோற்றார்.

அமெரிக்கா தன் தொழிலாளர் தினத்தைச் செப்டம்பருக்கு வைத்துக்கொண்டது. மே 1 அங்கே சாதாரண வேலை நாள். பள்ளிப் பிள்ளைக்கே பழக்கமில்லாத நாளைப் படமாக்க ஸ்டூடியோ முதலாளிக்கு என்ன ஆர்வம் இருக்கும்? சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதால் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்குத் தெரிந்த ஹேமார்க்கெட், சிகாகோ பள்ளி மாணவர் பலருக்குத் தெரியாமல் இருக்கக்கூடும்.

உழைப்பின் சிகாகோ இருப்பது புத்தகத்தில். அப்டன் சின்கிளேர் 1904-இல் சில வாரங்கள் இறைச்சித் தொழிற்கூடங்களில் தொழிலாளர்களோடு பழகி எழுதிய ‘தி ஜங்கிள்’ 1906 பிப்ரவரியில் வெளியானது. ஜூன் மாதத்துக்குள் உணவுத் தூய்மைச் சட்டமும் இறைச்சி ஆய்வுச் சட்டமும் வந்துவிட்டன. லித்துவேனியாவிலிருந்து வந்த கூலிக் குடும்பத்தின் துயரத்துக்காக அவர் எழுதினார். வாசகர்கள் தங்கள் தட்டிலிருந்த இறைச்சிக்காகப் பதறினார்கள். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

ஹேமார்க்கெட் பக்கம் போகிறவர்கள் டெஸ்ப்ளைன்ஸ் தெருவில், ராண்டால்ஃப் தெருவுக்குச் சற்று வடக்கே, 2004-இல் வைத்த நினைவுச் சிற்பத்தைப் பார்க்கலாம். பேச்சாளர்கள் நின்று பேசிய வண்டியின் வடிவம். தூக்கிலிடப்பட்டவர்களின் கல்லறை ஃபாரஸ்ட் பார்க்கில் இருக்கிறது. ப்ளூ லைன் ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்.

விவேகானந்தர் பேசிய அதே கண்காட்சியில்தான் ஒரு தொடர் கொலைகாரனும் இருந்தான் என்று ஒரு ஆங்கில நூலில் படித்தேன். உண்மையா?
– ராமநாதபுரம் வாசகர்

நீங்கள் சொல்வது 2003-இல் எரிக் லார்சன் எழுதிய ‘தி டெவில் இன் தி ஒயிட் சிட்டி’யாக இருக்க வேண்டும். ஆண்டு ஒன்றுதான், இடங்கள் வேறு. கண்காட்சி நடந்தது தெற்கே ஜாக்சன் பார்க்கில். 264 அடி உயரத்தில், 36 பெட்டிகளில், பெட்டிக்கு 60 பேரை ஏற்றிய முதல் ராட்சத ராட்டினம் சுழன்றது அதையொட்டிய திடலில். விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 அன்று பேசிய சர்வமத மாநாடு நடந்ததோ அங்கிருந்து சுமார் 11 கிலோமீட்டர் வடக்கே, மிச்சிகன் அவென்யூவில் இன்று ஆர்ட் இன்ஸ்டிடியூட் இருக்கும் கட்டிடத்தில். உங்கள் ஊர் பாஸ்கர சேதுபதியும் சென்னை இளைஞர்களும் துணை நின்ற பயணம் அது. கட்டிடம் இருக்கிறது, அவர் பேசிய கூடம் மாநாட்டுக்காகத் தற்காலிகமாக அமைத்தது, அது இல்லை.

அந்தக் கொலைகாரன் எச். எச். ஹோம்ஸ் எங்கில்வுட் பகுதியில் கட்டிடம் கட்டி வாழ்ந்தது உண்மை. 200 பேரைக் கொன்றான், கண்காட்சிக்கு வந்தவர்களை விடுதியில் அடைத்துக் கொன்றான் என்பதெல்லாம் அன்றைய பத்திரிகைகளும் பிற்கால மலிவு நூல்களும் ஊதிப் பெருக்கியவை. அவன்மேல் நிரூபணமானது ஒரு கொலை. 1896-இல் ஃபிலடெல்ஃபியாவில் தூக்கிலிடப்பட்டான். 27 பேரைக் கொன்றதாக அவன் எழுதிக்கொடுத்த பட்டியலில் சிலர் அப்போது உயிரோடிருந்தார்கள்.

‘தி பேர்’ தொடரைப் பார்த்ததிலிருந்து அந்தச் சாண்ட்விச் மேல் ஆசை. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. மேலே போடும் காய்கறி ஊறுகாயை மட்டும் செய்ய முடியுமா?
– கோயம்புத்தூர் வாசகி

தாராளமாக. அந்தத் தொடர் (2022) சிகாகோவைச் சரியாகப் பிடித்த இடமே இந்த உணவுதான். வெளியூர்ப் படங்கள் சிகாகோ என்றதும் கிணறுபோல ஆழமான பீட்சாவைக் காட்டும். ஊர்க்காரர்கள் வாரக் கடைசியில் வாங்குவது பெரும்பாலும் அப்பளம்போல் மெல்லிய, சதுரமாக வெட்டிய பீட்சா. இத்தாலியன் பீஃப் என்ற அந்தச் சாண்ட்விச் உழைப்பாளிகளின் சாப்பாடு: விலை குறைந்த கடினமான இறைச்சியை வாட்டி, ஆறவைத்து, காகிதம்போல் சீவி, சாறில் நனைத்து ரொட்டியில் வைப்பது. கடையில் ‘ஹாட்’ என்றால் சூடு அல்ல, காரமான இந்த ஊறுகாய் வேண்டும் என்று பொருள். ‘டிப்டு’ என்றால் முழு சாண்ட்விச்சையும் சாறில் முக்கித் தருவார்கள்.

ஊறுகாயின் பெயர் ஜார்டினேரா. காலிஃபிளவர் 150 கிராம், கேரட் 100, செலரித் தண்டு 100, சிவப்புக் குடைமிளகாய் 100, பச்சை மிளகாய் 50 கிராம். எல்லாவற்றையும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்குங்கள்; மிளகாய் மட்டும் வட்டமாக. 1 லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பைக் கரைத்து, காய்கள் மூழ்கும்படி ஃபிரிட்ஜில் 12 மணி நேரம். பிறகு வடிகட்டி, ஒருமுறை கழுவி, துணியில் பரப்பி நன்றாக ஈரம் போக்குங்கள். இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுப்பது. ஈரம் தங்கினால் எண்ணெய் கலங்கும், இரண்டே நாளில் காய் கொழகொழக்கும். அடுத்து 5 விழுக்காடு புளிப்புள்ள வினிகர் 250 மில்லி, ஓரிகானோ 1 தேக்கரண்டி, தட்டிய மிளகு அரைத் தேக்கரண்டி சேர்த்து, இன்னொரு 12 மணி நேரம், இடையிடையே குலுக்கியபடி. வினிகரில் பாதியை வடித்துவிட்டு, 200 மில்லி சூரியகாந்தி எண்ணெய் ஊற்றுங்கள். 2 நாள் கழித்து எடுத்தால் ருசி கூடியிருக்கும்.

நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை மற்றதை அமுக்கிவிடும். ஆலிவ் எண்ணெய் ஃபிரிட்ஜில் உறையும். பச்சைப் பூண்டைப் போடாதீர்கள், எண்ணெய்க்கடியில் காற்றுப்படாத பூண்டில் நச்சுக் கிருமி வளரக்கூடும். மாங்காய் ஊறுகாயைப்போல் வெளியே வைக்கவும் கூடாது, அந்த அளவு உப்பும் காரமும் இதில் இல்லை. ஃபிரிட்ஜில் 3 வாரம் வரை சரி. தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாமா என்றால், நன்றாகவே இருக்கும்.

‘இ.ஆர்.’ தொடரில் வரும் மருத்துவமனை அங்கே இருக்கிறதா?
– புதுச்சேரி வாசகி

அந்தத் தொடரின் (1994–2009) மருத்துவமனை பெரும்பாலும் கலிஃபோர்னியா ஸ்டூடியோ. குழு ஆண்டுக்குச் சில முறை சிகாகோ வந்து வெளிக்காட்சிகளை எடுத்துப் போகும். மாதிரியாக இருந்தது குக் கவுன்ட்டி மருத்துவமனை. ஏழைகளுக்கான அரசு மருத்துவமனை. ஹாரிசன் தெருவில் 1914-இல் கட்டிய அந்தப் பழைய கட்டிடத்தை ‘தி ஃப்யூஜிடிவ்’ (1993) படத்தில் நிஜமாகவே பார்க்கலாம். 2002-இல் மூடினார்கள், 2020 முதல் அது ஹோட்டல்.

மகள் நேப்பர்வில்லில் இருக்கிறாள். செப்டம்பரில் போகிறோம். படங்களில் பார்த்த இடங்களை ஒரே நாளில் பார்க்க வழி சொல்லுங்கள். நடக்க முடியும்.
– திருச்சி, ஓய்வுபெற்ற தம்பதி

நேப்பர்வில் என்பது நல்ல வசதி. அங்கிருந்து வரும் மெட்ரா ரயில் யூனியன் ஸ்டேஷனிலேயே கொண்டுவிடும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். கிரேட் ஹாலிலிருந்து கனால் தெருவுக்கு ஏறும் படிகள்தான் குழந்தை வண்டி உருண்ட படிகள். வெளியே வந்து ஜாக்சன் தெருவில் கிழக்கே ஆற்றைக் கடந்து 10 நிமிடம் நடந்தால் லசால் தெரு. அங்கே வடக்கு நோக்கி நின்றால் லாரி புரண்ட பள்ளத்தாக்கு உங்கள் முன்னே. முதுகுப்பக்கம் போர்டு ஆஃப் டிரேடு என்ற வணிகச் சந்தைக் கட்டிடம். பக்கத்திலேயே ரூக்கரி கட்டிடம், ‘தி அன்டச்சபிள்ஸ்’ படத்தில் போலீஸ் தலைமையகமாக வந்தது. முன்கூடத்தை எட்டிப் பாருங்கள்.

மேலும் கிழக்கே 10 நிமிடத்தில் ஆர்ட் இன்ஸ்டிடியூட். ‘ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்’ (1986) படத்தில் ஒரு பையன் வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஓவியம், சின்னச் சின்னப் புள்ளிகளால் ஜார்ஜ் சுராட் வரைந்தது, அங்கே இருக்கிறது. அந்தக் காட்சியைப்போலவே முதலில் தூரத்திலும் பிறகு கிட்டத்திலும் நின்று பாருங்கள். அருகே போகப்போக முகம் புள்ளிகளாகக் கரைவது புரியும். வாரத்தில் சில நாள் மூடியிருக்கும், கிளம்புமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் மிச்சிகன் அவென்யூ வழியே வடக்கே பாலம் வரை போய், படியிறங்கி, ஆற்றோர நடைபாதையில் மேற்கே நடங்கள்.

கடைசியாக மெர்ச்சண்டைஸ் மார்ட் நிலையத்தில் பிரவுன் லைன் ‘எல்’ ரயில். லூப் பக்கம் போகும் வண்டியின் முதல் பெட்டியில் ஏறினால், ஆற்றுப் பாலத்தைக் கடந்து, மாடி ஜன்னல்களை உரசுவதுபோல் வளைந்து, லூப்பைச் சுற்றி மீண்டும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். படங்களில் சத்தமாக மட்டும் கேட்ட சிகாகோ அதுதான். லோயர் வாக்கரில் நடக்க ஆசைப்படாதீர்கள். நடைபாதை குறுகல், கைப்பேசி வழிகாட்டியும் அங்கே திசை தவறும். ஏரிக் காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

படத்தில் ஆறு பச்சையாக ஓடுவது கம்ப்யூட்டர் வேலையா?
– ஈரோடு, பள்ளி மாணவி

நிஜம். 1962 முதல் மார்ச் மாதம் புனித பேட்ரிக் திருநாளையொட்டி பிளம்பர் சங்கத்தினர் படகில் சாயம் தூவுகிறார்கள். கழிவு எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்திய சாயத்திலிருந்து வந்த யோசனை. முதல் ஆண்டு 100 பவுண்டு போட்டுவிட்டார்கள், ஒரு வாரம் பச்சை போகவில்லை! இப்போது போடும் பொடி ஆரஞ்சு நிறம். தண்ணீர் பட்டதும் பச்சையாகும்.

‘கேண்டிமேன்’ போன்ற படங்களில் கறுப்பின மக்கள் வாழும் அடுக்ககங்கள் என்றாலே பேயும் துப்பாக்கியும்தான். அந்த ஊரை நேர்மையாகக் காட்டிய படம் ஒன்று சொல்லுங்கள்.
– மதுரை வாசகர்

1992-இல் வந்த ‘கேண்டிமேன்’ காட்டும் கப்ரினி-கிரீன் என்ற அரசு அடுக்ககக் குடியிருப்பு, நகரின் பணக்காரக் குடியிருப்புகளிலிருந்து ஒரு மைலுக்குள் இருந்தது. கதையின் மூலம் லிவர்பூலில் நடக்கும் ஓர் ஆங்கிலச் சிறுகதை. படத்துக்காகச் சிகாகோவுக்கு மாற்றினார்கள். குளியலறை மருந்தலமாரிக்குப் பின்னால் அடுத்த வீட்டுக்கு வழி இருப்பது மட்டும் கற்பனை அல்ல. வேறொரு அரசுக் குடியிருப்பில் 1987-இல் அப்படித்தான் உள்ளே நுழைந்து ஒரு பெண்ணைக் கொன்றார்கள். பராமரிப்புக்குப் பணம் தராமல், லிஃப்ட் பழுதைச் சரிசெய்யாமல் அரசு கைவிட்டதன் விளைவைப் படம் பேயாக்கிவிட்டது. கப்ரினி-கிரீனின் கடைசி அடுக்ககம் 2011-இல் இடிபட்டது. கொலைகளைப் பற்றியும் ஒன்று: மக்கள்தொகை விகிதப்படி செயின்ட் லூயிஸ் போன்ற ஊர்களில் பல ஆண்டுகளாக இதைவிட அதிகம், எண்ணிக்கையை மட்டும் சொல்லும் செய்திகள் பெரிய ஊரான சிகாகோவையே காட்டும்.

கறுப்பின மக்கள் ஏன் ஒரே பகுதியில் நெருக்கியடித்து வாழ வேண்டியிருந்தது என்பதைச் சொல்லும் நாடகம் லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரியின் ‘எ ரெய்சின் இன் தி சன்’ (1959). வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கும் குடும்பத்தின் கதை. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை எதிர்த்து ஹான்ஸ்பெர்ரியின் தந்தை நடத்திய வழக்கு 1940-இல் உச்ச நீதிமன்றம்வரை போனது.

நீங்கள் கேட்ட ஒரே படம்: ‘ஹூப் டிரீம்ஸ்’, 1994. ஆவணப்படம். கூடைப்பந்து ஆட்டக்காரர்களாகக் கனவு காணும் இரண்டு சிறுவர்களைச் சுமார் 5 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 250 மணி நேரம் படமெடுத்து, 3 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டியது. அவர்களில் ஒருவன் அதே கப்ரினி-கிரீன் பையன். பேய் இல்லை, அம்மா சமைக்கிறாள், அண்ணன் தன் தோற்றுப்போன கனவைத் தம்பிமேல் ஏற்றுகிறான். இன்னொரு வீட்டில் கட்டணம் கட்டாததால் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. புறநகர்ப் பள்ளிக்குப் போக ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். விடியுமுன் இருட்டில், ‘எல்’ நிலைய மேடையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் ரயிலுக்குக் காத்து நிற்கிறார்கள்.